வசந்தாமணிக்கு எடுத்த கலர்

அட, உக்காருங்க தம்பி, உக்காருங்க. எனக்கு எதுக்கு எடம்? நானென்ன நிக்க முடியாத ஆளா? ஈரோட்டுல இருந்து திருச்செங்கோடு என்ன தூரம், கண்ண மூடித் தொறந்தா வந்துரும். ஏனுங்க, என்னையப் பாத்தா அவ்வளவு வயசாளியாவா தெரியுது? இல்ல, சும்மாதான் கேக்கறேன். சரி, நீங்க எந்திரிச்சதும் அந்தம்மாவும் நகந்து எடம் வுட்டுருச்சு. ரெண்டு பேருமே உக்காந்துக்கலாம், வாங்க. மூணு பேரு சீட்டுதானுங்க இது.

பைய சித்த அக்கட்ட நகத்திக்கறேன். ஒண்ணுமில்லீங்க, ஆப்பிளு, மல்லிப்பூ, கொஞ்சம் மைசூர்பாகு. சம்பந்தி ஊட்டுக்குப் போறேன். சம்பந்தின்னு சொல்லலாமா வேண்டாமான்னு இன்னும் தெரியல. இன்னைக்கு மத்தியானம் நான் அங்க எலையில உக்காந்து சாப்பிட்டா சம்பந்தி. சாப்பிடலீன்னா அவிய யாரோ, நான் யாரோ. வெளையாட்டில்லீங்க தம்பி, ஒரு வேளைச் சோறு திங்கறதுக்குத்தான் பஸ் ஏறி வந்திருக்கேன். ஊட்டுல அனுப்பி வெச்சிருக்காங்க.

நீங்க எந்தூருங்க? மெட்ராஸா. அப்ப உங்களுக்குத் தெரியாது. எங்க பக்கம் ஒரு பழக்கம். பொண்ணு ஊட்டுக்காரங்க மாப்ள ஊடு பாக்கப் போறோம்னு வைங்க, காப்பித்தண்ணி குடிக்கலாம், அதுல ஒண்ணுமில்ல. ஆனா எலையில உக்காந்து கை நனைச்சுட்டா சம்மதம்னு அர்த்தம். கை நனைக்காம எந்திரிச்சு வந்துட்டா, உங்க சங்காத்தமே வேண்டாம்னு அர்த்தம். வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. எலையே சொல்லிரும்.

நான் அன்னைக்குக் கை நனைக்கல. வயிறு சரியில்லீங்க. வாய்வு. அத ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. என்ற ஊட்டுக்காரி நம்பல, என்ற புள்ள நம்பல, கூட வந்த என்ற அண்ணன் கூட நம்பல. நீங்க வெளியூரு, உங்களுக்கு இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. மொத்தத்தையும் கேட்டுட்டு நாயமாச் சொல்லுங்க.

உங்களுக்குக் காதோரத்துல லேசா நரை வுட்டிருக்குது. தப்பா நெனச்சுக்காதீங்க, எனக்குப் பாத்தவுடனே தெரிஞ்சிரும். கவலப்பட வேண்டாம். எனக்கு இந்த வயசுலயும் கருப்புத்தான். எங்க பரம்பரை அப்பிடி. அங்கங்க ஒண்ணு ரெண்டு இருக்கறத மட்டும் ஞாயித்துக்கெழமையில கொஞ்சம் தொட்டுக்குவேன். மீசைக்கு ஒரு தொடு, கிருதாவுக்கு ஒரு தொடு, மிச்சமாகறத எதுக்கு வீணாக்கறதுன்னு தலைக்குப் பூசிர்றது. அதையெல்லாம் சாயம் போடறதுன்னு சொல்ல முடியாதுங்க. ஊட்டுல தலகாணி உறையெல்லாம் கருப்பாத்தான் வாங்கி வெச்சிருக்கோம். அது அழுக்குத் தெரியாதுன்னு.

என்ற பேரு சென்னியப்பன். ஈரோட்டுல ஒரு பெரிய ஜவுளிக்கடையில பட்டு செக்சன்ல இருந்தேன். இப்ப நின்னுட்டேன். ஆனா இன்னைக்கும் கடைவீதிப் பக்கம் போனா, "அண்ணா, உங்க கையால எடுத்துக் குடுத்த சேலைங்க"ன்னு பொம்பளைங்க நிறுத்திப் பேசுவாங்க. மொகத்தப் பாத்தாக் கலரு சொல்லிருவேன் தம்பி. அது ஒரு கணக்கு. மாநெறமா இருந்தா மாம்பழக்கலரு தூக்கிக் குடுக்கும். நல்ல கறுப்பா இருக்கறவங்க வெளிர் கலரா எடுத்துட்டு வந்து ஏமாந்து நிப்பாங்க, அவங்களுக்கு அரக்கு எடுத்துப் போட்டுப் பாருங்க, அம்மன் மாதிரி இருக்கும். கடைக்குள்ள இருக்கற லைட்டு வெளிச்சமெல்லாம் பொய்யி. "வாசலுக்கு வாங்கம்மா, பகல் வெளிச்சத்துல பாருங்க"ன்னு சேலையத் தூக்கிட்டு வெளிய கூட்டிட்டுப் போயிருவேன். தோள் மேல போட்டு, ரெண்டடி பின்னால நின்னு, கண்ணச் சுருக்கிப் பாக்கோணும். பாத்துட்டு, "எடுப்பா இருக்குதுங்கம்மா"ன்னு சொல்லோணும். சில சமயம் எடுப்பா இருக்காது. அப்பவும் சொல்லோணும், மொதலாளி கல்லாவுல இருந்து பாத்துட்டிருப்பாரு.

என்ற ஊட்டுக்காரி வசந்தாமணிக்கு அந்தத் தொந்தரவே இல்ல. கடைக்கே வரமாட்டா. தீவாளிக்கு, பொங்கலுக்கு, கடையில வித்தது போக மிச்சம் கெடக்கறதுல நல்லதா ஒண்ணு நானே கொண்டாந்து குடுத்துருவேன். இத்தன வருசத்துல ஒரு தடவ கூட கலரு புடிக்கலைன்னு சொன்னதில்ல. அந்த விசயத்துல நான் குடுத்து வெச்சவன்.

அவளும் தலைக்குச் சாயம் போட்டுட்டுத்தான் இருந்தா. அப்பறம் தலை அரிக்குது, கண்ணு எரியுதுன்னு சொல்லி நாலஞ்சு வருசத்துக்கு முன்னால வுட்டுட்டா. முழுக்க நரைச்சுப் போச்சு. அவளுக்கு அதைப் பத்தி ஒரு கவலையும் இல்ல. எனக்குத்தான் சங்கடம். நாங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா ஒரு கல்யாணத்துக்குப் போறோம்னு வைங்க, பாக்கறவங்க என்னைய அவ பையன்னு நெனச்சுக்கிட்டா? ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்ல. ஆனா மனசுக்குள்ள நெனச்சிருப்பாங்கல்ல. மரியாதைக்காகக் கேக்காம இருந்திருப்பாங்க.

எங்களுக்கு ஒரே புள்ள, சிந்துஜா. கோயமுத்தூர்ல கம்பியூட்டர் கம்பெனியில வேலை. அவளுக்குத் திருச்செங்கோட்டுல இருந்து ஒரு எடம் வந்துச்சு. பையன் பேரு கௌசிக். லாரி பாடி கட்டற பட்டறை வெச்சிருக்காங்க, நல்ல குடும்பம். பவானிக் கோயில்ல வெச்சுப் பொண்ணு பாத்தாங்க. பையனும் அவங்கம்மா சுலோச்சனாவும் மட்டுந்தான் வந்தாங்க. அப்பாவுக்கு மொழங்கால் வலின்னு வரல. அந்த அப்பா பேரு அர்த்தநாரி. பேர ஞாபகம் வெச்சுக்குங்க, எல்லாம் அந்த மனுசனாலதான்.

புள்ளைக்குப் பையனப் புடிச்சுப் போச்சு. அவ வாய் வுட்டுச் சொல்ற ஆளில்ல. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து, யாரும் சொல்லாம, பாட்டுப் பாடிட்டே பாத்தரமெல்லாம் கழுவி வெச்சா. அதுல எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. முன்னால வந்த எடமெல்லாம் ஜாதகம், படிப்பு, அது இதுன்னு தட்டிப் போயி, அவளுக்கே சலிச்சுப் போயிருந்த நேரம். எங்க ரெண்டு பேருக்கும் நெஞ்சுக்குள்ள பால் வாத்த மாதிரி இருந்துச்சு.

அடுத்தது நாங்க மாப்ள ஊடு பாக்கப் போகோணும். ஐப்பசியில நாள் குறிச்சாங்க. நான் வசந்தாமணிகிட்டச் சொன்னேன், "ஏம்புள்ள, இந்த வெள்ளத்தலையோடயா வரப்போற? ஒரு கலரு அடிச்சுக்க"ன்னு. "அந்தம்மா என்னைய இப்பிடியேதான் கோயில்ல பாத்துட்டுப் போச்சு. இப்ப எதுக்கு வேசம்?"னு கேட்டா. "மாப்ளைக்கு அப்பா இன்னும் பாக்கலையே"ன்னேன். சிந்துஜா வேற போன்ல, "அம்மா இப்பிடியே அழகாத்தான் இருக்குதுங்கப்பா, வுட்டுருங்க"ங்கறா. நான் வுடல. ஒரு வாரம் பேசிப் பேசி, கடைசியா அவ ஒரு பேச்சுச் சொன்னா. "நீங்களே கூட வந்து, எனக்கு எந்தக் கலரு ஆகும்னு பாத்து எடுத்துக் குடுக்கறதா இருந்தா வாறேன். இல்லீன்னா இல்ல."

நாயமான பேச்சுத்தான? ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கற ஆளு ஊட்டுலயே இருக்கறப்ப, வேற எவகிட்டயோ எதுக்குக் கேக்கோணும்? சரின்னுட்டேன்.

பெருந்துறை ரோட்டுல ஒரு பியூட்டி பார்லருக்குப் போனோம். போனா, வாசல்லயே மறிச்சுட்டாங்க. நித்யான்னு ஒரு புள்ள, சின்ன வயசு. "அங்கிள், இது லேடீஸ் பார்லர். ஆன்ட்டி மட்டும் உள்ள வரலாம்"ங்குது. நான் சொன்னேன், "கண்ணு, நான் கலரு எடுக்க வந்திருக்கேன். முப்பது வருசமா பொம்பளைங்களுக்கு நாந்தான் கலரு எடுத்துக் குடுத்துட்டு இருக்கேன்"னு. அந்தப் புள்ள பயந்து போச்சு. அப்பறம் வசந்தாமணி வெவரம் சொன்னதும், "சரி, கலர் அட்டைய வாசலுக்கே கொண்டாந்து தாறேன், அங்கயே நின்னு பாத்துக்குங்க"ன்னுச்சு. எனக்கும் அதுதான் வேணும். வாசல்லதான் வெளிச்சம்.

வெளிய மழை தூத்திட்டு இருந்துச்சு. நான் குடையப் புடிச்சுட்டு நிக்கறேன், அவ படி மேல நிக்கறா. பார்லர் கண்ணாடியில பெரிய படம் ஒண்ணு ஒட்டியிருந்தாங்க. வெள்ளக்காரப் பொம்பள ஒருத்தி மரத்தடியில நிக்கறா, சுத்தியும் பழுத்த எலையாக் கொட்டிக் கெடக்குது. இலையுதிர் காலத்துக் கலருன்னு எழுதியிருக்குது. "ஏங்கண்ணு, நம்மூர்ல ஐப்பசியில எந்த மரத்துல எல உதுருது? எங்க ஊட்டு முன்னால வேப்பமரம் மாசியிலதான் உதுரும்"னு கேட்டேன். "எங்களுக்குக் கம்பெனில இருந்து சீசனுக்குத் தக்க அனுப்புவாங்க அங்கிள். இப்ப இதுதான் வந்திருக்குது"ன்னுச்சு. "அப்ப மாசியில எதுங்கண்ணு அனுப்புவாங்க?" "அது மாசியிலதான் தெரியும் அங்கிள்." சரி, ஜவுளிக்கடையிலயும் அப்பிடித்தான். மே மாசம் வெயில்ல உக்காந்து வெல்வெட் ரவிக்கைத்துணி வித்திருக்கேன்.

மொதல்ல நான் கருப்பத்தான் கேட்டேன். "கருப்பு ஆன்ட்டிக்கு வேண்டாம் அங்கிள்"னுச்சு. சொல்லிட்டு என்ற தலைய ஒரு தடவ பாத்துச்சு. அப்பறம் அட்டைய நீட்டிருச்சு. என்ற முடியோட ஒப்பிட்டா அங்க இருக்கற கருப்பு மட்டம்னு அதுக்கே தெரிஞ்சிருக்கும்.

அட்டையில கொத்துக் கொத்தா முடி ஒட்டி வெச்சிருக்காங்க தம்பி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. பர்கண்டின்னு ஒண்ணு, பீட்ரூட் வேக வெச்ச தண்ணியாட்ட இருக்குது. அது வேண்டாம். காப்பர்னு ஒண்ணு, புளி போட்டு வெளக்காத அண்டா. கேரமல்னு ஒண்ணு, டீக்கடை பாய்லர்ல நாளெல்லாம் கொதிச்ச டீ. அதையும் வெச்சுப் பாத்தேன், அவ மொகத்துக்கு ஆகல, மொகம் சோந்து போகுது. அப்பறம் செஸ்ட்நட்னு ஒண்ணு. அது என்ன காயோ, நான் கண்டதில்ல. ஆனா கலரு எனக்குத் தெரியும். நல்ல முத்துன புளியங்கொட்டைய லேசா வறுத்தாப் பளபளன்னு ஒரு செவப்பு ஓடும் பாருங்க, அது.

அதை அவ கன்னத்துகிட்ட வெச்சு, "அந்தப் பக்கம் திரும்பு"ன்னேன். திரும்புனா. "வெளிச்சத்துக்கு வா. இன்னும் ஒரு படி எறங்கு. நிமுந்து பாரு. கீழ பாரு." எல்லாம் கேட்டா. நான் ரெண்டடி பின்னால போயி கண்ணச் சுருக்கிப் பாத்தேன், குடை ஒரு பக்கம் போச்சு, முதுகெல்லாம் நனைஞ்சுது. மறுபடி கிட்ட வந்து பாத்தேன். அவளுக்குக் கண்ணு கருப்புன்னு நெனச்சுட்டிருந்தேன் தம்பி. கருப்பில்ல. தேன் கலரு. தாடைக்குக் கீழ, கழுத்து ஆரம்பிக்கற எடத்துல ஒரு மச்சம். "இது எப்ப வந்துச்சு?"ன்னு கேட்டேன். "பொறந்தப்பவே"ன்னா. ரோட்டுல டவுன் பஸ் நின்னுச்சு, அதுல இருந்தவங்கெல்லாம் எங்களையே பாக்கறாங்க. அந்த நித்யாப் புள்ள ரெண்டு மூணு தடவ எட்டிப் பாத்து, "அங்கிள், முடிவு பண்ணிட்டீங்களா?"ங்குது. "அவசரப்படுத்தாத கண்ணு, இது மாத்த முடியாத சரக்கு"ன்னேன். கடைசியா அந்தப் புளியங்கொட்டைக் கலரையே எடுத்தேன். மூலிகை கலந்தது, அரிக்காதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. அரிக்கவும் இல்ல.

உள்ள போறப்ப அந்தப் புள்ள அவள "ஆன்ட்டி"ன்னுதான் கூப்புட்டுச்சு. வெளிய வரப்ப, "அக்கா, அடுத்த மாசம் வந்துருங்க்கா"ங்குது. என்னையக் கடைசி வரைக்கும் அங்கிள்னுதான். அது பரவால்ல, பழக்கத்துல வந்திருக்கும்.

நான் எடுத்த கலர நானே சொல்லக் கூடாது. ஆனாச் சொல்றேன். எனக்கே ஒரு நிமிசம் யாரோ வந்து பக்கத்துல நிக்கற மாதிரி இருந்துச்சு. அவ சேலைத் தலைப்ப இழுத்துட்டு, "எப்பிடிங்க இருக்குது?"ன்னு கேட்டா. நான், "எடுப்பா இருக்குது"ன்னேன். அந்த வார்த்தைய எத்தனையோ பேர்கிட்டச் சொல்லியிருக்கேன், அன்னைக்குத்தான் அது நெசமா இருந்துச்சு. வழியெல்லாம் அவ என்ற குடைக்குள்ளயே நடந்து வந்தா.

அப்பறம் அந்த நாள் வந்துச்சு. கார் வெச்சுட்டு நாங்க ரெண்டு பேரு, என்ற அண்ணன், அண்ணி, நாலு பேருமாப் போனோம். பொண்ணு வரக்கூடாது, அது மொறை. வாசல்ல அந்த அர்த்தநாரி நிக்கறாரு. தலை தும்பப்பூவாட்ட வெள்ளை. ஒரு கருப்பு முடி கெடையாது. என்னைய வுட ரெண்டு வயசு சின்னவருன்னு தரகர் சொல்லியிருந்தாரு, பாவம்னு நெனச்சேன். எங்களப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டாரு. கும்புட்டுட்டு வசந்தாமணியப் பாத்துச் சொன்னாரு, "வாங்கம்மா. பொண்ணோட அக்காளுங்களா? படி ஒசரமா இருக்குது, அப்பாவக் கையப் புடிச்சு மெதுவாக் கூட்டிட்டு வாங்க."

அப்பாங்கறது யாருன்னு நான் திரும்பிப் பாத்தேன் தம்பி. பின்னால யாரும் இல்ல. அண்ணன் இன்னும் கார்ல இருந்தே எறங்கல.

வசந்தாமணி சிரிச்சா. தலைப்ப எடுத்து வாயப் பொத்திட்டுச் சிரிச்சா. "இல்லீங்க, இவரு எங்க ஊட்டுக்காரருங்க"ன்னு சொன்னா, சிரிச்சுட்டேதான் சொன்னா. அந்த மனுசன் பதறிப் போயி, "மன்னிச்சுக்கோணும், மன்னிச்சுக்கோணும், கண்ணாடி போடாம வந்துட்டேன்"ங்கறாரு. உள்ள இருந்து சுலோச்சனா ஓடியாந்து, "அம்மிணி, நீங்களா! அடையாளமே தெரியலீங்க!"ன்னு அவ கையப் புடிச்சு அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. நான் படியேறிப் போயி சோபாவுல உக்காந்தேன். தனியாவேதான் ஏறுனேன்.

அங்க உக்காந்திருக்கறப்பத்தான் எனக்கு வயிறு ஒரு மாதிரி பண்ண ஆரம்பிச்சுது. வாய்வுங்கறது அப்பிடித்தான், நெஞ்சுல வந்து அடைச்சுக்கும். அடுப்படியில இருந்து அவ சிரிக்கற சத்தம் கேட்டுட்டே இருக்குது. ஒரு நா கூட எங்கூட்டுல அவ அப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. கல்யாணமான புதுசுல ஒருவேளை சிரிச்சிருப்பா, எனக்கு ஞாபகமில்ல. எனக்கு அழுகை வர மாதிரி இருந்துச்சு தம்பி. வாய்வு மேல ஏறுனா கண்ணுலயும் தண்ணி வரும்.

எல போட்டாங்க. அர்த்தநாரி, "எந்திரிங்க, ஒரு வாய் சாப்புடலாம்"னு கூப்புடறாரு. நான், "வேண்டாமுங்க, வயித்துக்கு ஆகல"ன்னேன். "ரசஞ்சாதம் மட்டும் வெச்சுக்குங்க"ங்கறாரு. "வேண்டாமுங்க." "மோராவது குடிங்க"ங்கறாரு. "வேண்டாமுங்க, பொழுதாச்சு, கெளம்பறோம்"னு எந்திரிச்சுட்டேன். அந்த மனுசன் மொகம் சுண்டிப் போச்சு. பொண்ணப் பெத்தவனே சாப்புடலீன்னா மத்தவங்க எப்பிடிச் சாப்புடறது? அண்ணன் எலை முன்னால பாதி குனிஞ்சவரு அப்பிடியே நிமுந்துட்டாரு. அவருக்கு நல்ல பசி. ஊட்டுல எறங்கறப்ப வசந்தாமணி ஒண்ணே ஒண்ணு சொன்னா. "வாய்வுன்னா ஓமத்தண்ணி வெச்சுத் தாறேன், குடிங்க."

வெச்சுக் குடுத்தா. குடிச்சேன்.

அடுத்த வாரம் தரகர் வந்து நின்னுட்டாரு. "உங்களுக்கு ஊடு புடிக்கலையா, ஆளு புடிக்கலையான்னு கேக்கறாங்க. நாமக்கல்ல இருந்து வேற ஒரு எடம் அவியளுக்கு வந்திருக்குது. உங்களுக்கு இஷ்டமில்லீன்னா அதப் பேசிக்கறோங்கறாங்க"ன்னு. நான் வயித்தப் பத்தி வெளக்கமாச் சொன்னேன். தரகர் எழுந்து வேட்டிய ஒதறிட்டுப் போயிட்டாரு.

சிந்துஜா லீவு போட்டுட்டு வந்தா. வந்தவ ஒண்ணும் சத்தம் போடல. என்ற பக்கத்துல வந்து உக்காந்துட்டு, "அப்பா, அந்தப் பெரியவரு உங்களக் கெழவன்னு நெனச்சதுக்கு நான் என்னங்கப்பா பண்ணுனேன்?"னு கேட்டா. "அது வாய்வு கண்ணு"ன்னேன். அவ என்ற மொகத்தையே பாத்துட்டு இருந்தா. கண்ணுல தண்ணி நிக்குது, கீழ வுழ மாட்டேங்குது. அப்பறம் எந்திரிச்சுப் போயிட்டா. எனக்குப் பெத்த வயிறு பத்தி எரிஞ்சுது தம்பி. வாய்வில்ல, இது வேற.

நான் சும்மா இருக்கல. ஒரு வழி சொன்னேன். "இத்தனைக்கும் காரணம் அந்தக் கலருதான், பேசாமக் கருப்புக்கு மாத்திரு. மறுபடி ஒரு நா போயி நிப்போம், எல்லாஞ் சரியாயிரும்"னு வசந்தாமணிகிட்டச் சொன்னேன். எதுத்துப் பேசாதவ தம்பி அவ. பழைய சேலைய நீட்டுனாலும் வாங்கிக் கட்டிக்குவா. அன்னைக்கு நேரா நிமுந்து பாத்து, "இதை மாத்த மாட்டேன். வேணும்னா நீங்க மாத்துங்க"ன்னா. நான் எதை மாத்தறது? எனக்கு இயற்கையே கருப்பு.

நேத்து சாயங்காலம் ஒரு போன். பாத்தா சுலோச்சனா. வசந்தாமணிதான் அதுகிட்டப் பேசியிருக்கா, எனக்குத் தெரியாம. அந்தம்மா சொல்லுச்சு, "அண்ணா, எங்க ஊட்டுக்காரரு பேசுனது தப்புத்தான். அன்னைல இருந்து அவருக்குச் சோறே எறங்கல. கௌசிக்கு வேற பொண்ணே வேண்டாங்கறான். நீங்க நாளைக்கு ஒருத்தரா வந்து கை நனைச்சுட்டுப் போங்க, போதும்"னு. சொல்லிட்டும் அந்தம்மா போன வெக்கல. "அண்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா? அன்னைக்கு அடுப்படியில உங்க ஊட்டம்மாவ, கோயில்ல வெள்ளத்தலையாப் பாத்தனே, இந்தக் கலர யாருங்க எடுத்துக் குடுத்ததுன்னு கேட்டேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுங்களா? 'எங்க ஊட்டுக்காரருதானுங்க. ஊர்ல இருக்கற பொம்பளைங்க மொகத்தையெல்லாம் வெளிச்சத்துல நிறுத்திப் பாத்த மனுசன், என்ற மொகத்த இப்பத்தான் பாத்தாரு. மழையில நனைஞ்சுட்டு நின்னு பாத்தாரு'ன்னாங்க. சொல்லிட்டு ஒரே சிரிப்பு. சிரிச்சுட்டே கண்ணத் தொடச்சுக்கறாங்க. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அப்பத்தானுங்கண்ணா, உங்களுக்குச் சாப்பாடு வேண்டாமாம்னு வெளிய இருந்து சேதி வந்துச்சு."

போன வெச்சுட்டு நான் வாசல்ல போயி நின்னுட்டேன். வெக்கமா இருந்துச்சு தம்பி. அந்தச் சிரிப்ப நான் என்னமோன்னு நெனச்சுட்டு ஒக்காந்திருந்தேன். உள்ள வந்தா, வசந்தாமணி கீரை ஆஞ்சுட்டு இருக்கா. லைட்டு வெளிச்சந்தான். நின்னு பாத்தேன். "என்ன பாக்கறீங்க?"ன்னா. "கலரு மங்கிருச்சான்னு பாத்தேன்"னு சொன்னேன். அவ கீரைய ஆஞ்சுட்டே, "மங்கட்டும், மறுபடி வந்து எடுத்துக் குடுங்க"ன்னா.

நாளைக்குப் போறேன்னு அப்பத்தான் சொன்னேன். சிந்துஜா உள்ள இருந்து கேட்டுட்டுத்தான் இருந்திருக்கா. இன்னைக்கு வெடியால என்ற சட்டைய அவளே தேய்ச்சு வெச்சிருந்தா.

அதோ, மலை தெரியுது பாருங்க. ஸ்டாண்டுக்குள்ள திருப்பறான். அர்த்தநாரியே வந்து நிக்கறேன்னு சொல்லியிருக்காரு, மொழங்கால் வலியோட. வெள்ளத்தலை, ஈசியா அடையாளம் தெரியும். எங்க காணோம்? அந்த டீக்கடைகிட்ட ஒருத்தரு நிக்கறாரு, அவரு இல்ல. அவரு தலை கருப்பா...

ஏனுங்க தம்பி. அவருதான். அவருதானுங்க. தலையப் பாருங்க.

ஐயோ, முழுசாக் கருப்பு அடிச்சுட்டு வந்து நிக்கறாரு. நெத்தியெல்லாம் கறை, காதுல வேற ஒரு சொட்டு. ஊட்டுலயே உக்காந்து கண்ணாடி பாத்து அடிச்சிருக்காரு போல. என்னைய நெனச்சுத்தான் அடிச்சிருக்காரு. எனக்குப் பக்கத்துல நிக்கறப்ப நான் மனசு நோகக் கூடாதுன்னு அடிச்சிருக்காரு, வேற எதுக்கு? தும்பப்பூவாட்ட என்ன அழகா இருந்த தலை. நல்லாவே இல்லீங்க தம்பி. பத்து வயசு கூட்டிக் காட்டுது. இந்த வயசுல முழுக்கருப்பு ஆகுமாங்க? சாயம்னு எட்ட இருந்தே தெரியுது. கூட இருக்கறவங்க ஒருத்தராச்சும் எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

நீங்க எதுக்கு என்ற தலையவே பாக்கறீங்க? அந்தப் பைய எடுத்துக் குடுங்க, பூவு நசுங்கிரப் போகுது.

எறங்குனதும் மொதல் பேச்சா, "சம்பந்தி, கலரு உங்களுக்கு நெம்ப எடுப்பா இருக்குதுங்க"ன்னுதான் சொல்லப் போறேன். கடையில சொல்லிச் சொல்லிப் பழகுன பொய்யி, சுலபமா வந்துரும். சோத்தப் பொய்யாத் திங்க முடியாது பாருங்க, அத நெசமாவே திங்கறேன். எலையில என்ன வெச்சாலும் மறுக்கா ஒரு தடவ கேட்டு வாங்கித் திங்கறேன். என்ற புள்ள அங்க சட்டை தேய்ச்ச கையோட போனப் பாத்துட்டு உக்காந்திருக்கா. வரட்டுங்களா.